பைப்படியில் ஒரு கிழிகாயம்

என்னிடம் ஒரு நீலமட்டைக் கொப்பி இருக்கிறது. தாதிப் பயிற்சி முடிந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய அரசாங்க மருந்துச்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் வாங்கியது. அதன் முதற்பக்கத்தில் காயங்களின் பெயர்களை எழுதி வைத்திருந்தேன். நாங்கள் எல்லாவற்றையும் இங்கிலீசில்தான் படித்தோம். வருகிறவர்களோ தமிழும் சிங்களமும் கதைக்கிறவர்கள். ஆகவே ஒவ்வொரு இங்கிலீசுச் சொல்லுக்கும் எதிரே தமிழில் ஒன்றும் சிங்களத்தில் ஒன்றும் தேடி எழுதிக்கொண்டு வந்தேன். கூரிய ஆயுதம் பட்டது வெட்டுக்காயம். ஆணி, ஊசி இறங்கியது குத்துக்காயம். மேல்தோல் மட்டும் போனது சிராய்ப்பு. தோல் திறக்காமல் உள்ளே இரத்தம் கட்டியது கண்டல். ஐந்தாவது, லசரேஷன். அதற்கு எதிரே கனநாளாக ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தேன்.

பாடத்தில் அது எளிமையாகத்தான் இருந்தது. கூரில்லாத ஏதோவொன்று இழுத்தோ மோதியோ தோலைப் பிய்த்தால் அது லசரேஷன். ஓரங்கள் நேராக இருக்காது, பிசிறு பிசிறாக இருக்கும். காயத்துக்குள்ளே அறுபடாத சில இழைகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் பாலம்போல நிற்கும். மண், துரு, துணி நூல் ஏதாவது உள்ளே கிடக்கும். வெட்டுக்காயத்தில் இவை ஒன்றும் இராது. வெட்டுக்காயம் என்று எழுதினால் ஒரு கத்தியைத் தேட வேண்டும், அதைப் பிடித்த கையையும் தேட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். லசரேஷன் என்றால் கதவு, தகரம், சைக்கிள் சில்லு, நாய் என்று எதுவாகவும் இருக்கலாம்.

ஆனால் எங்கள் வாசலுக்கு வருகிறவர்களிடம் இந்த ஐந்து பிரிவும் செல்லுபடியாகவில்லை. தோல் திறந்து இரத்தம் வந்தால் அவர்களுக்கு எல்லாம் வெட்டுத்தான். கல் வெட்டிவிட்டது, கதவு வெட்டிவிட்டது, ஒருமுறை ஒரு சேவல் வெட்டிவிட்டது. நான் பிய்ந்த காயம், பீறற்காயம் என்று இரண்டு மூன்றை எழுதி அழித்தேன்.

நான் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா பின்னேரங்களில் தையல் மெசினுக்கு முன்னால் இருப்பாள். உலக யுத்தகாலம், துணிக்குத் தட்டுப்பாடு. புதிதாகத் தைப்பதைவிடக் கிழிந்ததைப் பொருத்துவதுதான் கூட. நான் கொப்பியை வைத்துக்கொண்டு முழிப்பதைக் கண்டு, என்ன தேடுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன்.

"சீலை கிழிஞ்சால் கிழிசல். தோல் கிழிஞ்சால் மட்டும் ஏனடி உனக்கு அவ்வளவு பெரிய பேர்?" என்றாள்.

அந்த இரவே ஐந்தாவது வரியில் கிழிகாயம் என்று எழுதினேன். எழுதியபின் அது எப்போதும் அங்கேயே இருந்ததுபோல இருந்தது. அக்கா அதற்குள் ஒரு சேட்டின் கிழிசலை எடுத்து, பிசிறு நூல்களைக் கத்தரிக்கோலால் ஒரே நேராக நறுக்கி, கீழே துணி வைத்துத் தைக்கத் தொடங்கியிருந்தாள். பிசிறை விட்டுத் தைத்தால் பிடிக்காது என்பாள். எனக்கும் அந்தப் பழக்கம் அவளிடமிருந்து வந்ததுதான். எதுவும் நேராக இருந்தால்தான் எனக்கு மனம் நிற்கும்.

சொல்லை எழுதி இரண்டு மாதமிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை. டொக்டர் கிராண்ட்பாஸில் படுக்கையில் கிடந்த ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். அவர் எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர், மெல்லக் கதைப்பவர், கையெழுத்தும் மெல்லத்தான் போடுவார். சின்னத் தையல்களை நான் போடலாம் என்று அனுமதி தந்திருந்தார். ஓரத்தை நறுக்குவது அவருடைய வேலை. அடிதடியில் வந்த காயமென்றால் இரத்தத்தை நிறுத்தி, சுத்தமான துணியால் மூடிவிட்டு அவர் வரும்வரை இருக்க வேண்டும், கழுவக்கூடாது. இவை இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். கொப்பியின் பின்மட்டையில் இலக்கமிட்டுக்கூட எழுதியிருந்தேன்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து இடியப்பக்காரி வந்தாள். தோட்டம் என்றால் செடிகொடி இல்லை. ஒரு முற்றத்தைச் சுற்றி நெருக்கியடித்த அறைகள், அத்தனை அறைகளுக்கும் நடுவில் ஒரேயொரு தண்ணீர்ப் பைப். அவள் விடிய எழும்பி இடியப்பம் அவித்து வீடு வீடாகக் கொடுப்பவள், பங்கீட்டுக் கூப்பன் அரிசி மாவில் அவள் எப்படி அவ்வளவு மெல்லிசாகப் பிழிகிறாள் என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம். அன்று இடது கையைச் சீலை முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பைப்படியில வெட்டிப்புடுச்சு மிஸி" என்றாள். அவ்வளவுதான்.

எது வெட்டியது என்று நான் கேட்கவில்லை. பைப் வெட்டியிருக்கும், வாளி வெட்டியிருக்கும். அங்கே எல்லாம் வெட்டும்தானே. முழங்கைக்குக் கீழே மூன்று விரல் நீளத்துக்குத் திறந்திருந்தது. ஓரங்கள் பிய்ந்து தொங்கின. உள்ளே துருவும், சீலையிலிருந்து இழுபட்டுப்போன ஒரு பச்சை நூலும். இரண்டு இடத்தில் இழைகள் பாலம்போட்டு நின்றன. படத்தில் பார்த்த லசரேஷன் அப்படியே என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு இருந்தது. நான் கொதித்தாறிய நீரில் கழுவினேன், சாவணத்தால் நூலை எடுத்தேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்து ஓரங்களை நறுக்கினேன். டொக்டர் வர ஒரு மணித்தியாலம் செல்லும், அதுவரை அவளை ஏன் இருத்தி வைப்பது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. உண்மை என்னவென்றால், அந்தப் பிசிறைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

ஆறு தையல். நான் அதுவரை போட்டவற்றில் அழகானது அதுதான். அவளும் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிளவுசுக்குப் போட்ட மாதிரி இருக்கு என்றாள். மருந்துச்சாலைப் புத்தகத்தில் இடது கை, ஆறு தையல் என்று மட்டும் எழுதினேன். காயத்தின் வகைக்கான கட்டம் டொக்டருடையது. என்னுடைய கொப்பியில் வழக்கம்போல முழுவதும் எழுதினேன்: கிழிகாயம். ஓரம் பிசிறு. பாலம் இரண்டு. துரு. பச்சை நூல் ஒன்று. நறுக்கி எடுத்த தோல், அரிசியளவு நான்கு. டொக்டர் திரும்பி வந்தபோது வரிசையில் நிறையப் பேர் இருந்தார்கள். அன்று அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒரு பொலிஸ்காரர், காயம் எந்த வகையென்று டொக்டர் எழுதிக் கொடுக்க வேண்டிய சீட்டோடு வந்தார். அவருக்குப் பின்னால் இடியப்பக்காரி. நல்ல கையில் ஒரு சின்னப் பெண்குழந்தையை இடுக்கியிருந்தாள். அவளுக்குப் பிள்ளையில்லை என்று எனக்குத் தெரியும்.

பொலிஸ்காரர் சிங்களத்தில் டொக்டரிடம் சொன்னதிலிருந்து நடந்தது விளங்கியது. பைப்படியில் இரண்டு பெண்களுக்குள் ஒரு வாளிக்காகச் சண்டை. ஒருத்தி இடியப்பக்காரி. மற்றவள் அதே தோட்டத்து மீன்காரி. மீன்காரி அந்த நேரம் கத்தியைக் கழுவிக்கொண்டு நின்றிருக்கிறாள். கத்தி கையில் இருக்க, மற்றக் கையால் வாளியை இழுத்திருக்கிறாள். இரத்தத்தைக் கண்டதும் யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, வெள்ளி பின்னேரமே அவளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். திங்கட்கிழமை கோட்டுக்கு, நீதவான் முன்னால், கொண்டுபோவார்கள். கத்திவெட்டு என்று சீட்டு போனால் அவளை உள்ளே வைப்பார்கள், மீன் கூடையோடு தெருவில் இறங்கும் அனுமதியும் போய்விடும்.

டொக்டர் இடியப்பக்காரியிடம், கத்தி பட்டதைக் கண்டாயா என்று கேட்டார்.

"கையில கத்தி இருந்திச்சுங்க ஐயா. நான் வாளியத்தான் பார்த்தேன்."

அந்தக் குழந்தை யாருடையது என்றும் கேட்டார். மீன்காரியுடையது என்றாள். நேற்றிலிருந்து தன்னிடம்தான் இருக்கிறதாம், பால் தவிர ஒன்றும் குடிக்காதாம், அதன் தாயைப்போலவே பிடிவாதமாம்.

"அவள் உன்னை வெட்டினவள் எண்டு சொல்லுகினம். நீ அவளின்ர பிள்ளையைத் தூக்கி வைச்சிருக்கிறாய்" என்றார் டொக்டர்.

"புள்ள என்னாங்க செஞ்சுது?" என்றாள் அவள், அவர் என்னவோ புத்தி கெட்டுக் கேட்டதுபோல.

டொக்டர் கட்டை அவிழ்த்தார். சன்னல் வெளிச்சத்தில் கையைப் பிடித்துப் பார்த்தார். ஓரங்கள் கோடு போட்டதுபோல ஒன்றோடொன்று பொருந்தி இருந்தன. பிசிறில்லை, அழுக்கில்லை. அவர் நேர்மையான மனிதர், கண்ணால் கண்டதை எழுதினார். வெட்டுக்காயம், கூரிய ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கக் கூடும். பொலிஸ்காரர் சீட்டை மடித்துக்கொண்டு போனார்.

நான் அப்போது மருந்து அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதிய சொல் என் காதில் விழுந்தது. அந்த நேரான ஓரம் கத்தி செய்ததல்ல, என் கத்தரிக்கோல் செய்தது என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. போத்தல்களை எண்ணினேன். கட்டுத்துணிகளை நாலாக மடித்தேன். வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து அனுப்பினேன். இரண்டரை மணித்தியாலம் அப்படியே போயிற்று. இந்தப் பகுதியை எழுதாமல் விட எனக்கு விருப்பமாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டரை மணித்தியாலமும் மீன்காரி பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் இருந்தாள்.

வரிசை முடிந்து, சனிக்கிழமையென்பதால் மத்தியானத்தோடு கதவைச் சாத்தும் நேரம், கொப்பியை எடுத்து டொக்டரின் மேசையில் விரித்து வைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"ஓரத்தை ஆர் நறுக்கினது?"

"நான்தான் டொக்டர்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எடுத்த துண்டுகள் எங்கே என்றார். எரித்துவிட்டேன். நூல்? அதுவும். கொப்பி மட்டும் போதாது, வாரும் போய்ப் பார்ப்பம் என்று குடையை எடுத்தார்.

பைப்படியில் அந்த வாளி இன்னும் இருந்தது. கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் அறுந்து, துருப்பிடித்த முனை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. டொக்டர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். கத்தியிலும் துரு இருக்கலாமே என்றார், என்னிடம் கேட்பதுபோல. அதற்குப் பக்கத்து அறைப் பெண்ணொருத்தி சிரித்தாள். மீன்காரியின் கத்தியில் துருவா, அவள் அதைக் காலையும் மாலையும் கல்லில் தீட்டுகிற தீட்டில் எங்களுக்குத்தான் பல் கூசுகிறது என்றாள்.

எனக்கு அப்போதுதான் சீலை நினைவு வந்தது. இடியப்பக்காரியிடம் நேற்றுக் கட்டியிருந்த பச்சைச் சீலை எங்கே என்று கேட்டேன். ஒரு கையால் தோய்க்க முடியாததால் அப்படியே மூலையில் சுருட்டிப் போட்டிருந்தாள். அதைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் விரித்தேன். முந்தானையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். நூல்கள் இழுபட்டு, சுருண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில் நின்றன. ஓரத்தில் துருக்கறை. கத்தி பட்ட துணி இப்படி இராது என்று டொக்டருக்குச் சொன்னேன். என் சட்டைப் பையிலிருந்த கத்தரிக்கோலால் அந்தச் சீலையின் நுனியில் ஒரு சிறு வெட்டு வெட்டி இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இடியப்பக்காரி, ஐயோ மிஸி மிச்சத்தையும் நீங்களே வெட்டுங்க என்றாள்.

டொக்டர் கிழிசலையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். காயம் சொல்லாததை அந்தத் துணி சொன்னது, அதை யாரும் நேராக்கியிருக்கவில்லை.

மருந்துச்சாலைக்குத் திரும்பி வந்ததும் அவர் புதுச் சீட்டொன்றை எடுத்தார். பேனையை மையில் தோய்த்துவிட்டு நிறுத்தினார்.

"பார்க்கிறதுக்கு முந்தித் தாதி ஓரத்தை நறுக்கிப்போட்டா எண்டு எழுதினால்தான் நான் மாத்தி எழுதினதுக்குக் காரணம் இருக்கும். எழுதினால் உமக்கு மேலிடத்தில இருந்து கேள்வி வரும். எழுதட்டோ?"

"எழுதுங்கோ டொக்டர்."

அவர் மெல்ல எழுதினார். லசரேஷன் என்ற அந்தச் சொல்லை அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு சீலையை ஒரு கடதாசியில் சுற்றிக்கொண்டு, ஒரு ரிக்‌ஷோ பிடித்து, தானே பொலிசுக்குப் போனார். நான் கோட்டைக்குப் போய் ரெயிலேறி வெள்ளவத்தைக்குப் போனேன். வழியெல்லாம் சன்னலுக்கு வெளியே வந்த கடலைப் பார்க்கவில்லை. அக்கா தட்டை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, கத்தரிக்காய்க் கறியை இன்னுமொரு அகப்பை போட்டாள்.

மீன்காரியை அன்று பின்னேரமே விட்டுவிட்டார்கள். நான் அங்கே இல்லை. திங்கட்கிழமை கட்டு மாற்ற வந்தபோது இடியப்பக்காரி சொல்லித்தான் தெரியும். மீன்காரி நேரே இவள் அறை வாசலுக்கு வந்திருக்கிறாள். குழந்தையை வாங்கி, தலையை முகர்ந்து பார்த்துவிட்டு, எண்ணெய்கூட வைக்கவில்லையா என்று கேட்டாளாம். ஒரு கையால எப்படி வைக்கிறது என்று இவள் கேட்டாளாம். அதோடு மறுபடி சண்டை தொடங்கி, வாளிவரைக்கும் போய், வாளிக்குக் கிட்டப் போனதும் இரண்டு பேரும் நின்றுவிட்டார்களாம். மீன்காரி ஒரு கல்லைத் தேடி எடுத்து அந்தக் கம்பி முனையை அடித்து மடக்கினாளாம்.

எனக்குக் கேள்வி வந்தது. இரண்டு பக்கத்தில் விளக்கம் எழுதிக் கொடுத்தேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டு. ஒரு எச்சரிக்கையும், வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஆறு மாதத் தவணையும் கிடைத்தன. ஒருநாள் டொக்டர் என் மேசைமேல், மைக்கூட்டுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவே, காயம் எழுதும் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கத்தரிக்கோலை எடுக்க வேண்டுமென்றால் அந்தப் புத்தகத்தைத் தாண்டித்தான் கையைக் கொண்டுபோக வேண்டும். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது. வகைக்கான கட்டத்தையும் இப்போது நான்தான் எழுதுகிறேன், அவர் பக்கத்தில் கையெழுத்து வைக்கிறார்.

தையல் எடுக்கிற நாள் இருவரும் சேர்ந்து வந்தார்கள். மீன்காரியை நான் கிட்டப் பார்த்தது அன்றுதான். வாட்டசாட்டமான பெண், இடுப்பில் குழந்தை, மேலெல்லாம் உப்பு வாசம். நான் ஆறு தையலையும் எடுத்து முடித்ததும் அவள் குனிந்து தழும்பைப் பார்த்தாள். நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. அவள் முகம் மாறியது.

"என்னா மிஸி இது? இதப் பார்த்தா எவளும் நான்தான் வெட்டுனேன்னு சொல்லுவா. கொஞ்சம் கோணலா விட்டிருக்கக் கூடாதா?"

"இவ எம்மேல உள்ள கோவத்துல சொல்றா மிஸி" என்றாள் இடியப்பக்காரி, கையை நீட்டித் தழும்பை ரசித்துக்கொண்டு. "நல்லாத்தான் இருக்கு."

மீன்காரி விடவில்லை. பொலிசுக்கு இங்கிலீசில் எழுதிக் கொடுத்தீர்களே, எனக்கும் ஒன்று எழுதித் தாருங்கள், தமிழில், யாராவது வாசித்துச் சொல்லக் கூடியதாக, என்றாள். மருந்துச்சாலைக் கடதாசியில் எழுத எனக்கு அதிகாரமில்லை. நீலக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்: இந்தக் கையில் உள்ளது வெட்டுக்காயம் அல்ல, கிழிகாயம். வாளிக் கம்பி பட்டது. ஓரத்தை நேராக்கியது நான். கீழே என் கையெழுத்து. அந்தச் சொல் என் கொப்பியை விட்டு வெளியே போனது அதுதான் முதல் தடவை. நான் வாசித்துக் காட்டினேன். அவள் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள். பிறகு எட்டாக மடித்து, வெற்றிலைப் பையில், புகையிலைக்குக் கீழே வைத்தாள்.

அது நடந்து இப்போது மூன்று வருடம் ஆகிறது. அந்தத் தாள் பைப்படியில் எத்தனை முறை எடுத்து வாசிக்கப்பட்டது என்று எனக்குத் தெரியாது. போன மாதம் ஒரு காலை, நான் முன்பு கண்டிராத ஒரு பெண் அந்தத் தோட்டத்திலிருந்து நொண்டிக்கொண்டு வந்தாள். வாங்குப் பலகையில் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்தாள். கூரைத்தகரம் விழுந்து கணுக்காலுக்கு மேலே பிய்த்திருந்தது. நான் கொதித்தாறிய நீர்ப் பாத்திரத்தை எடுக்கத் திரும்பினேன்.

"வெட்டு இல்ல மிஸி, கிழிகாயம்" என்றாள். "எழுதிட்டுக் கழுவுங்க."

நான் பாத்திரத்தை வைத்துவிட்டுப் பேனையை எடுத்தேன்.